குளிர்வண்டி அனுப்பப் போகிற பிள்ளைக்கு

கண்ணு,

தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளை நீ. ஜலகண்டாபுரத்தில் நூலையும் தறியையும் விட்டுவிட்டுக் குளிர்வண்டி அனுப்பும் ஆபீசில் உட்காரப் போகிறாயாம். உன் அம்மா சொன்னாள். மாம்பழம், தக்காளி, பால், தடுப்பூசி என்று வழியில் கெட்டுப்போகக்கூடிய சரக்குக்குள் தீப்பெட்டி அளவு டேக் ஒன்றைச் செருகி, உள்ளே எத்தனை டிகிரி என்று ஊர் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. வைக்கோலும் ஈரச்சாக்கும் போட்டு லோடு அனுப்பிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் உன் பெரியப்பன். கைபேசியில் டிகிரிக் கோடு ஏறி இறங்குவதையும் பார்த்துவிட்டேன். டேக்கை எப்படி ஆன் செய்வது என்று கம்பெனிக்காரன் உனக்குச் சொல்லிக் கொடுப்பான். அவன் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன்.

1. டேக் எதையும் குளிர வைக்காது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சி காய்ச்சலை இறக்குமா? இறக்காது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் டேக் கட்டிய மறுநாளே மறந்துபோகும். நம் பக்கத்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் நல்ல விலை கொடுத்து டேக் வாங்கி ஒவ்வொரு வண்டியிலும் வைத்தார். அதற்கு முன்னால் ராத்திரி இரண்டு முறை டிரைவருக்குப் போன் போட்டு விசாரிப்பார். டேக் வந்ததும் அந்தப் பழக்கம் நின்றது. ஒரு ராத்திரி வண்டியைக் குளிர வைக்கும் யூனிட் நின்றுபோனது. காலையில் பார்த்தால் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு நின்றது என்பது சுத்தமாகப் பதிவாகியிருந்தது. பழம் போனது போனதுதான். யார் பார்ப்பது, பார்த்தால் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று மூன்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டாமல் ஒரு டேக்கும் கட்டாதே.

2. லூதியானாவில் சிஃபெட் என்று மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அறுவடையிலும் அதற்குப் பிறகும் எவ்வளவு வீணாகிறது என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். தக்காளியில் 12.44 சதவீதம், மாம்பழத்தில் 9.16, முட்டையில் 7.19. பாலில் மட்டும் 0.92. எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கெடுவது பால். ஆனால் மிகக் குறைவாக வீணாவதும் அதுதான். ஏன் என்று யோசித்துப் பார். பால் சங்கத்தில் காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். ஊற்றும் இடத்திலேயே சோதிக்கிறார்கள். சோதனையில் வந்ததற்குத்தான் காசு. உடனே குளிர்கலனுக்குள் 4 டிகிரிக்கு இறக்குகிறார்கள். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் பார்க்கிறார், பார்த்தவர் பதில் சொல்லவும் வேண்டும். தக்காளிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? டேக் வருவதற்கு வெகுகாலம் முன்பே பால்காரர்கள் கண்டுபிடித்த ஒழுங்கு இது. நீ புதிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை. அந்த ஒழுங்கை மாம்பழத்துக்கும் தக்காளிக்கும் கொண்டுபோகப் போகிறாய், அவ்வளவுதான்.

3. சரக்கின் குணம் தெரியாமல் டிகிரியைத் தொடாதே. குளிர் கூடினால் நல்லது என்று நினைக்காத புது ஆளை நான் பார்த்ததில்லை. மாம்பழத்துக்கு 13 டிகிரி. அதற்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் தோல் சாம்பல் பூத்துப் புள்ளி விழும், வெளியே எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. வாழைக்கும் 13, 14. காயாகப் பறித்த தக்காளிக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. பாலுக்கு 4. தடுப்பூசிக்கு 2-இலிருந்து 8. உறைந்த மீனுக்கு மைனஸ் 18.

ஒரு சித்திரையில் அயோத்தியாப்பட்டணம் பக்கம் தோப்பு எடுத்திருந்த வியாபாரி ஒருவர், மல்கோவா லோடுக்கு அஞ்சு டிகிரி வை, அப்போதுதான் பத்து நாள் நிற்கும் என்று ஒரே பிடிவாதம். டேக்கும் அஞ்சு டிகிரியை அப்படியே பதிந்தது. கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. இறக்கிய இடத்தில் மூன்றாம் நாள் பழமெல்லாம் கருத்து, காம்படியில் குழிவிழுந்து, உள்ளே ரப்பராக இருந்ததாம். டேக்கைக் குறைசொல்ல வழியில்லை. கேட்ட டிகிரியைக் கொடுத்தோம், கேட்டதே தப்பு. வியாபாரி பெரிய மனிதர், வயதில் மூத்தவர் என்பதற்காக வாயை மூடிக்கொள்ளாதே. மரியாதையாகச் சொல், ஒருமுறைக்கு இருமுறை சொல், கேட்காவிட்டால் பில்டியில், அதாவது லோடுச் சீட்டில், அவர் கேட்ட டிகிரியை எழுதி அவர் கையெழுத்தை வாங்கு. பேனா கைக்குப் போனதும் முக்கால்வாசிப் பேர் யோசிப்பார்கள்.

4. குளிர்வண்டி என்பது குளிர்ந்த சரக்கைக் குளிராகவே கொண்டுபோகும் வண்டி. சுடச்சுட ஏற்றியதைக் குளிர வைக்கும் வலு அந்த யூனிட்டுக்குக் கிடையாது. நம் சேலத்து வெயிலில் மத்தியானம் பறித்த மாங்காயைக் கையில் எடுத்துப் பார், அடுப்பங்கரையிலிருந்து எடுத்த மாதிரி சுடும். அதைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியை வண்டியில் அடுக்கி, 13 என்று யூனிட்டில் வைத்துவிட்டால் காற்று மட்டும்தான் 13-க்கு வரும். பழத்தின் சதை ராத்திரி முழுக்க அந்தப் பக்கமே வராது. பறித்த காய் சும்மா இருப்பதும் இல்லை. அது மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது. பத்து டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகும். அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டி தன் சூட்டில் தானே வேகும்.

அதனால் விடியற்காலையில் பறிக்கச் சொல். பறித்ததை நிழலில் கொட்டச் சொல். ஏற்றுவதற்கு முன் ஒரு காயில் ஊசி தெர்மாமீட்டரைக் கொட்டை வரை குத்திப் பார்த்து, அந்த எண்ணைப் பில்டியில் எழுது. ஒரு காய் வீணாகிறதே என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். வண்டியின் உள்கூட்டை முதலிலேயே குளிரவிட்டு, ஏற்றும்போது யூனிட்டை நிறுத்திவிட வேண்டும் என்பதும் தெரிந்துகொள். கதவு திறந்திருக்கும்போது யூனிட் ஓடினால் வெளிக்காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்துக் குழாயில் பனிக்கட்டியாக்கிக்கொள்ளும். பிறகு வழி முழுக்க மூச்சுத் திணறும்.

5. டேக்கை எங்கே வைக்கிறாய் என்பதில் உன் யோக்கியதை தெரிந்துவிடும். யூனிட்டின் காற்று வந்து விழும் இடத்தில் வைத்தால் எப்போதும் அழகான எண் வரும். முதலாளிக்குச் சந்தோஷம், வாங்குகிறவருக்குச் சந்தோஷம், பழம் மட்டும் கடைசிப் பெட்டியில் வெந்துகொண்டிருக்கும். கெடும் இடம் எதுவோ அங்கே வை. பின்கதவை ஒட்டிய கடைசி அடுக்கில், மேலிருந்து இரண்டாவது கிரேட்டில் ஒன்று. வண்டியின் நடுவில், அடுக்கின் வயிற்றுக்குள் ஒன்று. மூன்றாவது இருந்தால் காற்று திரும்பிப் போகும் வாயருகில். கிரேட்டின் ஓரத்தில் தொங்கவிடாமல் காய்களுக்கு நடுவில் புதைத்து வை. கிரேட்டின் மேல் சிவப்பு நாடா கட்டு. நாடா இல்லாத டேக்கை இறக்கும் இடத்துப் பையன் குப்பையோடு கொட்டிவிடுவான். அவன்மேல் தப்பு இல்லை, அவனுக்கு யார் சொன்னார்கள்?

கூரைக்கும் மேல் அடுக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடச் சொல். வாடகை ஒன்றுதானே, இன்னும் இரண்டு வரிசை திணி என்பார்கள். திணித்தால் காற்று கடைசி வரை போகாது. எத்தனை டேக் வைத்தும் பிரயோசனமில்லை.

6. கம்பெனி கொடுத்த டேக் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதே. கெட்டுத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டுக்கொண்டும் இருக்காதே. சோதித்துப் பார். அதற்கு ஆய்வகம் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி நன்றாக நொறுக்கு. வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் கழுத்து வரை நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்கு நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் கூடாது. டேக்கைத் தண்ணீர் புகாத மெல்லிய கவரில் போட்டுக் கட்டி நடுவில் இறக்கிக் கலக்கிவிட்டு அரை மணி நேரம் விடு. உருகும் ஐஸ் உலகம் முழுக்க 0 டிகிரிதான். டேக் அரை டிகிரி அப்படி இப்படிக் காட்டினால் அந்த வித்தியாசத்தை அதன் முதுகிலேயே மார்க்கரால் எழுது. அதற்கும் மேலே போனால் தனியே எடுத்து வை, சான்றிதழ் தரும் ஆய்வகத்துக்கு அனுப்பு. மாம்பழ சீசன் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. பாட்டரியையும் அப்போதே பார்த்துவிடு. அறைச் சூட்டில் நன்றாக இருக்கும் பாட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

7. கடிகாரத்தைச் சரி செய். அற்ப விஷயமாகத் தோன்றும். எங்கள் ஆபீசில் ஒருநாள் முழுக்கச் சண்டை நடந்தது இதனால்தான். டேக்கின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியிருக்கிறது. லண்டன் நேரத்தில் வந்ததை யாரும் மாற்றவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மண்டியில் இறக்கும்போது ஏறிய சூடு, சாயங்காலம் நாலரைக்கு வழியில் ஏறியதாகக் காட்டியது. டிரைவர் கோயில் பெயரால் சத்தியம் செய்துகொண்டு நிற்கிறார், எல்லாரும் அவரைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஏற்றி முடித்துக் கதவு சாத்திய நேரம், சீல் எண், கதவு திறந்த நேரம் இந்த மூன்றையும் உன் கையால் பில்டியில் எழுது. மெஷினும் காகிதமும் ஒன்றையொன்று சரிபார்க்கட்டும்.

8. இது நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள். டிரைவரைப் பற்றியது.

டேக் வந்தபோது நம் டிரைவர்கள் அதை ஒட்டுக்கேட்கும் மெஷின் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் முதலாளிகள் அப்படித்தான் அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு முதலாளியின் வண்டிகளில் ராத்திரி ஒரு மணிக்கு மேல் கோடு 13-இலிருந்து மேலே ஏறும். மூன்றரை வாக்கில் 19-ஐத் தொட்டுத் திரும்ப இறங்கும். எல்லா வண்டியிலும் இதே கதை. கிருஷ்ணகிரி தாண்டி நிறுத்தித் தூங்கும்போது யூனிட்டை அணைக்கிறான், டீசல் திருடுகிறான் என்று அவர் கத்தாத கத்தல் இல்லை. இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினார். புதிதாக வந்த இருவரின் வண்டியிலும் அதே கோடு.

பிறகுதான் வயதான டிரைவர் ஒருவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டோம். ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல் காசு என்று மொத்தமாகக் கொடுக்கிறார்கள். அதில்தான் வண்டியும் ஓட வேண்டும், யூனிட்டும் ஓட வேண்டும். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, துண்டு விழுந்தாலும் டிரைவர் கையிலிருந்து. ஏற்றப் பாதையில் டீசல் கூடக் குடித்துவிட்டால் அந்தத் துண்டை எங்கே ஈடுகட்டுவது? அதோடு கேபினுக்குப் பின்னால், தலைக்கு இரண்டடி தள்ளி யூனிட் இரைந்துகொண்டே இருக்கும். காலையில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியவன் தூங்க வேண்டாமா? அவர் இதைச் சொல்லும்போது கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

யூனிட்டில் அது எத்தனை மணி ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அந்த மணிக்கணக்குக்குத் தனியாக டீசல் காசு கொடுக்கச் சொன்னோம். நிறுத்தித் தூங்குவதற்குச் சத்தம் குறைவான ஏற்பாடும் பேசி முடித்தோம். அடுத்த மாதம் கோடு நேரானது. அந்த டேக் காட்டிக் கொடுத்தது டிரைவரை இல்லை, முதலாளி போட்ட கணக்கை. இதை முதலாளி முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது. உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

இன்னொன்று. கேரளத்து மண்டிக்குப் போன லோடு ஒன்று சூடேறிவிட்டது என்று வாடகையைப் பிடித்துவிட்டார்கள். கோட்டைப் பார்த்தோம். வாளையாறு தாண்டி மண்டி வாசல் வரை ஒரு குறையும் இல்லை. வாசலில் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கூலி பேசிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் ஏறியிருக்கிறது. கதவு திறந்தால் வெளிச்சத்தைப் பிடிக்கும் டேக் அது. பிடித்த வாடகை திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த டிரைவர், “டேக் வெச்சாச்சா?” என்று தானே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். ஒவ்வொரு டிரிப்பும் முடிந்ததும் கோட்டை முதலில் டிரைவரிடம் காட்டு, பிறகு முதலாளியிடம் போ. நீ ஆபீசில் எந்த நாற்காலியில் இருந்தாலும், அவரை அண்ணா என்று கூப்பிட்டே பேசு.

9. ரீடிங் வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வண்டியின் உடம்பு தகடு, அது அலையைத் திருப்பி அடிக்கும். காய்கனி என்பது பாதிக்கு மேல் தண்ணீர், அது அலையை உறிஞ்சிக்கொள்ளும். புளூடூத் டேக் அடுக்கின் நடுவிலிருந்து கேபின் வரை வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். மலைப்பாதையில் செல்போன் சிக்னலும் கைவிடும். அதனால் உள்ளேயே பதிந்து வைத்துக்கொண்டு சிக்னல் கிடைத்ததும் அனுப்பும் டேக்கையே வாங்கச் சொல்.

பதிவில் ஓட்டை விழுந்தால் ஓட்டையாகவே விடு. முன்னால் 13, பின்னால் 13, நடுவிலும் 13 என்று போட்டுவிடலாமே என்று கேட்கும் மேலாளர் ஒருநாள் உன் மேஜைக்கு வருவார். எனக்கு வந்தார். நல்ல மனிதர்தான், மாதக் கடைசி, பில் பாஸ் ஆக வேண்டும். “இந்த நேரத்துக்குப் பதிவு இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் பணம் பிடிப்பார்கள். ஒருமுறை நிரப்பிக் கொடுத்துவிட்டால் நீ அதன்பிறகு கொடுக்கும் நேரான கோட்டைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

10. டேக் தன்னைக் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 2014 ஆகஸ்டில் திண்டிவனம் பக்கத்தில், ஆவினுக்குப் பால் கொண்டுபோன டேங்கரில் வழியில் பாலை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றியதைப் போலீசார் பிடித்தார்கள். தமிழ்நாடே பேசிய விஷயம் அது. அந்த டேங்கருக்குள் வெப்பம் காட்டும் டேக் மட்டும் இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருந்தால் 4 டிகிரி, எல்லாம் நலம் என்று சொல்லியிருக்கும். மூடி திறந்ததா, வண்டி எங்கே எத்தனை நேரம் நின்றது என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவற்றுக்கு வேறு கருவி, இல்லாவிட்டால் சீல், அதுவும் இல்லாவிட்டால் போய்ப் பார்க்கும் ஆள். மாம்பழத்தோடு வெள்ளரியையும் கீரையையும் ஒரே வண்டியில் ஏற்றினாலும் இதே கதைதான். பழம் விடும் வாயுவில் கீரை மஞ்சளாகும், டேக் 13 என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

11. கம்பெனிக்காரன் காட்டும் பளபளப்பில் மயங்கிவிடாதே. நான் பார்த்ததிலேயே நல்ல டேக்குக்குப் பாட்டரியும் இல்லை, சிம்மும் இல்லை. போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். 1996-இலிருந்து அது வருகிறது. அமெரிக்காவின் பாத் என்ற சேவை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் மெனக்கெட்டுக் கொண்டுவந்தது. குப்பி சூடு படப்பட உள்சதுரம் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து கொடுக்கலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கிராமத்துச் செவிலியர் மர நிழலில் நின்றுகொண்டு ஒரு பார்வையில் முடிவெடுத்துவிடுவார். நம் நாட்டில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று வந்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. அந்தச் சதுரத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கடைசிக் கையில் கொடுத்த டேக் அது. உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும் எண்ணை வைத்துக்கொண்டு மண்டியில் இறக்குகிறவர் என்ன செய்வார்?

அந்தச் சதுரமும் எல்லாம் தெரிந்ததில்லை. சூட்டைத்தான் சொல்லும், உறைந்துபோனதைச் சொல்லாது. மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி உறைந்தால் வீண், பார்வைக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். உறைவதையும் பார்க்க வேறு கருவி வேண்டும். 2015-இலிருந்து ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ஈவின் என்ற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. தடுப்பூசிக் குளிர்பெட்டிகளின் வெப்பத்தைச் சிம் வைத்த கருவிகள் பதிந்து அனுப்பும். சதுரமும் சிம்மும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

12. தேவையில்லாத இடத்தில் டேக் கட்டச் சொல்லிக் காசு பறிக்காதே. நாமக்கல் முட்டையைப் பார். முப்பது முட்டை அட்டையாக அடுக்கிச் சாதாரண லாரியில் கேரளத்துக்குப் போகிறது, குளிர் ஒன்றும் கிடையாது. கழுவாத முட்டையின் ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் அது காக்கும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவிவிடுகிறார்கள், அந்தப் பூச்சு போய்விடுகிறது. அதனால் 7 டிகிரிக்குள் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம். நம் முட்டைக்குப் பெரிய எதிரி பள்ளமும் வேகத்தடையும்தான். அதற்கு நல்ல அட்டையும் நிதானமான டிரைவரும் போதும். ஆனால் ஏற்றுமதிக்காக ஒருமுறை குளிரில் வைத்துவிட்டால் கடைசி வரை குளிரிலேயே போக வேண்டும். நடுவில் வெளியே எடுத்தால் முட்டை வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் துளைக்குள் இறங்கும். அந்த லோடுக்கு டேக் கட்டாயம் வேண்டும். மேட்டூர் மீனுக்கோ டேக் தேவையில்லை. பெட்டிக்குள் ஐஸ் இருக்கும் வரை 0 டிகிரியைவிட்டு அசையாது. டேக் வாங்கும் காசுக்கு இன்னும் ஒரு கூடை ஐஸ் போடச் சொல்.

13. அலாரத்தைக் குறைத்து வை. புதிதில் எல்லாவற்றுக்கும் மணி அடிக்க வைத்துவிடுவாய். கதவு திறந்தால் மணி, யூனிட் பனி உருக்கினால் மணி, அரை டிகிரி கூடினால் மணி. இரண்டு வாரத்தில் போனை மௌனத்தில் போட்டுவிடுவாய், நிஜமான மணியும் அதோடு போய்விடும். எல்லையைத் தாண்டி இருபது நிமிஷம் நின்றால் மட்டும் அடிக்கட்டும். அடித்தால் தூக்கத்திலிருந்து எழுந்து கூப்பிடு. கூப்பிட்டதும், “ஏன் சூடாச்சு?” என்று ஆரம்பிக்காதே. “அண்ணா, எங்க இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, பின்னாடி ஒருதரம் பாத்துச் சொல்றீங்களா?” என்று கேள்.

14. கோட்டை விவசாயிக்கும் காட்டு. இதை எந்த ஆபீசிலும் செய்வதில்லை. பழம் கெட்டால் முதல் அடி அவருக்குத்தான். எடையில் கழிவு, விலையில் கழிவு, பேச வாய் இல்லை. அவர் காலையில் பறித்துக் கொடுத்தது 26 டிகிரியில் வந்தது, ஏற்றுவதற்குக் காத்திருந்த நாலு மணி நேரத்தில் 34-க்குப் போனது நம்மால்தான் என்று கோட்டில் இருந்தால் அதை மறைக்காதே. அவர் மத்தியானத்தில் பறித்தது தெரிந்தால் அதையும் அவருக்கு மட்டும் தனியாகச் சொல், மண்டிக்காரர் முன்னால் வேண்டாம். அந்த எண்ணை வைத்து விலையை அமுக்கச் சொல்லி வியாபாரி கேட்பார். அது உன் வேலை இல்லை என்று சொல்லிவிடு.

15. முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது லோடோடு ஏறிப் போ. மேச்சேரி வழியாகத் தொப்பூர் ஏறி பெங்களூரு வரை. வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். ஊசி தெர்மாமீட்டர், டார்ச், கம்பளி, உன் பேர் எழுதிய தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள். யூனிட் எப்போது இரைகிறது, எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டுக் குறித்துக்கொள். பிறகு கோட்டோடு வைத்துப் பார், கோட்டின் ஒவ்வொரு மேடும் உனக்கு ஒரு இடமாகத் தெரியும். மண்டியில் இறக்கும்போது கீழே நின்று பார்க்காமல் நீயும் நாலு கிரேட் தூக்கு. டிரைவர் அண்ணன் எதை வாங்கிக் கொடுத்தாலும் சாப்பிடு, திரும்பி வரும்போது காசை நீ கொடு. தொப்பூர் இறக்கத்தில் மட்டும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதே.